சர்க்காருக்குக் கொடுத்த விரல்

மாப்ளே,

போன வாரம் என் இடதுகைப் பெருவிரலிலும் மை ஏறிவிட்டது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

பென்ஷன் விஷயமாகத் தாலுகா கச்சேரிக்குப் போயிருந்தேன். ஒரு வருஷமாக என் வலது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. டீ கிளாசைத் தூக்கினால் பாதி சட்டைக்குத்தான் போகிறது. எழுத வருகிறது, கோழி கிளறிய மாதிரி. ஆனால் கையெழுத்து மட்டும் ஆபீசில் இருக்கும் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. மூன்று தரம் போட்டுக் காட்டினேன். குமாஸ்தா சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. "எதுக்குப் பெரியவரே கஷ்டப்படுறீக? ரேகையை வச்சிட்டுப் போங்க" என்று மை தடவிய தகரத்தை என் பக்கம் நகர்த்தினார். விரலைப் பிடித்து உருட்டும்போது, "விறைப்பா வச்சுக்கிறாதீக, லேசா விடுங்க" என்றார்.

அந்த வாசம் மூக்கில் ஏறியது. விளக்கெண்ணெயும் கரியும் குழைத்த வாசம். பக்கத்தில் துடைக்கத் துணி கிடந்தது. நான் துணியைத் தொடவில்லை. என் கை தானாகப் போய், தொப்பியைத் தள்ளிவிட்டு, விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டது. நீ தேய்ப்பாயே, அப்படியே. "துணி இருக்குதே பெரியவரே" என்றார் குமாஸ்தா. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். சந்தைக்குப் போகிற ஜனம் பார்க்க, ஒரு கிழவன் வெட்கமில்லாமல் அழுதேன்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் ஒழிந்துவிட்டது. உன் சாதியில் பிறந்த ஆம்பளை ஒவ்வொருத்தனும், எதையும் தொட்டவனோ தொடாதவனோ, பொழுது சாய்ந்ததும் போலீஸ் கொட்டடிக்குப் போய், பதிவேட்டில் பெருவிரலைப் பதித்து, விடியும்வரை அங்கேயே முடங்கிக் கிடக்க வேண்டும் என்ற சட்டம். சர்க்கார் காகிதத்தில் அதற்குக் குற்றப் பரம்பரை என்று பேர். நாம் ரேகைச் சட்டம் என்போம். உன் ஊரில் வெடி போட்டுக் கொண்டாடினார்களாம். தங்கச்சி வந்து சொன்னது. உன் பெண்சாதியை நான் என்றைக்கும் தங்கச்சி என்றுதானே கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். "ரேகை போயிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனது.

தேவாரம் ரோட்டில் எங்களுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அங்கே நீ கொடி கட்ட வந்த நாளிலிருந்து நமக்குப் பழக்கம். நான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், மருந்து கலந்து கொடுப்பவன். நீ ஏணியில் நிற்பவன். எங்கள் ராவுத்தர் வீடுகளும் உங்கள் வீடுகளும் மாமன் மாப்பிள்ளை முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது பாட்டன் காலத்துப் பழக்கம். அதனால் நீ எனக்கு மாப்ளே, நான் உனக்கு மாமா. விடுமுறை நாளில் கொடிக்காலுக்கு வந்தால் ஏணி மேலிருந்தே கேலியை ஆரம்பித்துவிடுவாய். "என்ன மாமா, இன்னைக்கு எத்தனை பேருக்குக் கசப்புத் தண்ணி ஊத்துனீக?" என்பாய். நான் பதில் யோசிப்பதற்குள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக் கையில் கொடுத்துவிடுவாய்.

ஒரு நாள் உன் விரலைப் பிடித்துப் பார்த்தேன். நகத்தடியில், ரேகைக் கோடுகளுக்குள், தேய்த்தும் போகாத கறுப்பு. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாய். "விடுங்க மாமா. இந்த ஒரு விரலு சர்க்காருக்கு. மத்த ஒம்பதுந்தேன் எனக்கு. சோத்துக் கையைக் கேக்காம விட்டாகளே, அம்புட்டுக்கு நல்லவுகதேன்" என்றாய். நானும் சிரித்தேன். அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து உனக்கு மகள் பிறந்தாள். அவளை நீ ஆத்தா என்றுதான் கூப்பிடுவாய். மை விரல் அவள் மேல் படக்கூடாது என்று, பெருவிரலை ஒதுக்கி நீட்டிக்கொண்டு, ஒன்பது விரலால் அவளை ஏந்தித் தூக்குவாய். "கீழ போட்டுறாதடா" என்று நான் கத்துவேன். "ஒம்பது வெரலு பத்தாதா மாமா எம் மகளுக்கு?" என்பாய். மற்றவர்கள் குழந்தையைத் தூக்குவதைப் பார்த்தாலே இன்றைக்கும் என் கண் அவர்கள் பெருவிரலைத் தேடுகிறது.

மூன்று வயசில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து நான்தான் கலந்து கொடுத்தேன். ரெண்டு நாளில் இறங்கிவிடும் என்றேன். சாயங்காலம் அவளுக்கு இழுப்பு கண்டது. கொட்டடியில் மணி அடித்துவிட்டார்கள். மணி என்றால் பெரிய மணி ஒன்றுமில்லை, மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. சாயங்காலம் அடித்தால் உள்ளே வர வேண்டும், விடியற்காலை அடித்தால் வெளியே போகலாம். வராவிட்டால் ஜெயில். நீ ஓடிப் போய் விரலைப் பதித்துவிட்டு, இன்று மட்டும் விடச் சொல்லிக் காலில் விழுந்தாய். அனுமதிச் சீட்டு இல்லாமல் விட முடியாது, காலையில் சீட்டு வாங்கிக்கொள் என்றார்கள். காலை மணி அடித்து உன்னை விட்டபோது வீட்டில் எல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகு உன்னிடம் கேலி இல்லை. வேலைக்கு வந்தாய், கொடி கட்டினாய், ஆனால் மத்தியானம் ஆனால் கொடிக்கால் கிணற்றுப் படியில் போய் உட்கார்ந்துகொள்வாய். ஒரு நாள் பின்னாலேயே வந்து பார்த்தேன். இலையில் கஞ்சிப் பருக்கையைக் குவித்துத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சீக்கிரம் சாப்பிடு ஆத்தா, மணி அடிச்சிருவாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "மாமா, புள்ள உள்ளதேன் இருக்கு. யாரோ கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாக" என்றாய். நான் உன்னைக் கூட்டிப்போய்த் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன், கிணற்றுப் பக்கம் இவனைத் தனியாக விடாதீர்கள் என்று.

அந்தச் சொல்லும் என்னுடையதுதான். மறுநாள் மத்தியானம் உன் அண்ணன் உன்னைப் படியிலிருந்து தூக்கக் கையைப் பிடித்தார். உன்னை வளர்த்து ஆளாக்கியவர், அவர் முன்னால் நீ உட்கார்ந்து பேசிக்கூட நான் பார்த்ததில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர்தான் என்று உனக்குத் தோன்றிவிட்டது. கொடி அறுக்கிற அரிவாள் இடுப்பில் இருந்தது. ஒரே வெட்டு. ஆட்கள் ஓடி வந்தபோது நீ ஓடவில்லை. அண்ணன் தலையை மடியில் வைத்து அவர் வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய்.

உன்னைத் தாலுகா சப்ஜெயிலில் வைத்தார்கள். மாஜிஸ்டிரேட் ஒரு மாசம் கவனிப்பில் வைக்கச் சொன்னார். மாதக் கடைசியில் ஜில்லாவின் பெரிய டாக்டர் துரை சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். புத்தி பேதலித்தவன் என்றால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, உயிர் தங்கும். புத்தி தெளிந்தவன் என்றால் கயிறு. துரை வாரம் ஒரு தரம்தான் வருவார். தினமும் போய்ப் பார்த்து ஏட்டில் எழுதி வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். உன்னை எனக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், நான் எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

தங்கச்சி தினமும் ஊரிலிருந்து கஞ்சிச் சட்டியோடு நடந்து வந்து ஜெயில் வாசல் புளிய மரத்தடியில் நிற்கும். முதல் நாளே என்னிடம் சொன்னது: "அண்ணே, அவுகளுக்குக் கிறுக்குன்னு எழுதிருங்க. ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும். கிறுக்கன் பொண்டாட்டின்னு பேரு வந்தா வரட்டும். ஆளு எங்கனயாச்சும் மூச்சோட இருந்தாப் போதும்." நான் உண்மையைத்தானே எழுதப் போகிறேன் தாயி, நீ பயப்படாதே என்றேன். எவ்வளவு பெரிய வார்த்தை. நினைத்தால் நாக்கு கூசுகிறது.

அதே மாசம் மலைமேல் எஸ்டேட் துரை ஒருத்தர் தன் சமையல்காரரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். சூப்பில் விஷம் கலந்தான் என்றார். அவரைச் சப்ஜெயிலில் வைக்கவில்லை. துரைமார் தங்கிப் போகிற முசாபரி பங்களாவில் வைத்து வாசலில் ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார்கள். பெரிய டாக்டர் அங்கே போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ரெண்டு மணி நேரம் பேசினார்கள். தூக்கம் வருகிறதா, கனவில் என்ன வருகிறது, மலைக்காய்ச்சல் எத்தனை தரம் வந்தது, அம்மா வகையில் யாருக்காவது மனக்கோளாறு உண்டா, மழைக்காலத்தில் பேச்சுத்துணை இருந்ததா. எஸ்டேட் துரை சுருட்டுப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார். தேதி சொன்னார், நாள் சொன்னார், துப்பாக்கியில் மிச்சமிருந்த ரவையைக்கூடச் சொன்னார். டாக்டர் எழுந்திருக்கும்போது அவர் தோளில் கை வைத்து, வீட்டுக்குப் போய்விடலாம், கவலைப்படாதே என்றார்.

அந்த சர்டிபிகேட் நாலு பக்கம். அதைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். வெயில், காய்ச்சல், தனிமை, நரம்புத் தளர்ச்சி, அந்த நேரத்தில் தான் செய்வது என்னவென்று அறியாத நிலை. எழுத எழுத எனக்குள் சந்தோஷம் பொங்கியது, மாப்ளே. ஓகோ, இப்படித்தான் எழுத வேண்டுமா என்று தோன்றியது. இத்தனையும் உனக்கும் உண்டே! நீ தூங்குவதில்லை. மகளின் குரல் கேட்கிறது. உன் தாய்மாமன் ஒருத்தர் சட்டையைக் கிழித்துக்கொண்டு மலையேறிப் போனவர், திரும்பவில்லை. அதே வார்த்தைகளைப் பொறுக்கி, அதே வரிசையில், உன் ஏட்டில் எழுதினேன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி எழுதினேன்.

அடுத்த வாரம் டாக்டர் துரை ஏட்டைப் புரட்டினார். நரம்புத் தளர்ச்சி என்ற இடத்தில் விரலை வைத்து, "இதை யார் எழுதச் சொன்னது?" என்று கேட்டார். கோபமாக இல்லை, சின்னப்பிள்ளையைத் திருத்துகிற மாதிரி. இந்த ஜனங்களுக்கு அது வராது, அதற்குப் படிப்பும் நுட்பமான மூளையும் வேண்டும், இவர்களுக்கு வெட்டுவது ரத்தத்திலேயே இருக்கிறது, அதனால்தானே சர்க்கார் தனியாகப் பதிவேடு வைத்திருக்கிறது என்றார். பேனாவால் என் பக்கத்தைக் குறுக்கே அடித்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். காலரா வந்த வருஷம் தன் கையாலேயே வாந்தியைத் துடைத்தவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. அந்தக் கையேதான் உன் பக்கத்தை அடித்தது.

உன்னிடம் அவர் கேட்டது மூன்றே கேள்வி. பேர் என்ன, அப்பன் பேர் என்ன, ஊர் எது. மூன்றுக்கும் நீ பிசகாமல் பதில் சொன்னாய். இருபது வருஷமாக அந்த மூன்றைத்தானே தினமும் சொல்லிக்கொண்டிருந்தாய்! மற்றபடி என்னைக்கூட உனக்குத் தெரியவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஏலே மாப்ளே, நாந்தேன்டா" என்பேன். நீ என் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பாய்.

ஒன்று மட்டும் நடந்துகொண்டிருந்தது. சப்ஜெயிலிலும் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. காலையில் கதவு திறக்க ஒரு தரம், சாயங்காலம் பூட்ட ஒரு தரம் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நீ எங்கே கிடந்தாலும் எழுந்து நிற்பாய். சுவருக்குப் போய் இடது பெருவிரலை நீட்டி, லேசாகச் சாய்த்து, சுண்ணாம்பில் உருட்டுவாய். உன் பதிவு நம்பரையும் அப்பன் பேரையும் சொல்லி, "ஆஜர் எசமான்" என்பாய். பிறகு இல்லாத மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வாய். பார்க்கிற ஜெயில் வார்டருக்கே கண் கலங்கும். "இவரு இங்கன இல்லைங்க கம்பவுண்டரே. அந்தக் கொட்டடியிலதேன் இன்னும் இருக்காரு" என்றார் ஒரு நாள்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை எனக்கு வந்தது. எழுதினால் துரை அடித்துவிடுகிறார். கண்ணால் பார்த்தால்? மத்தியான வெயிலில் மணி அடித்து, அதற்கும் நீ எழுந்து சுவரில் விரலை உருட்டினால், பகல் எது சாயங்காலம் எது, ஜெயில் எது கொட்டடி எது என்று உனக்குத் தெரியவில்லை என்பதை எந்த டாக்டரும் மறுக்க முடியாதே! வார்டரிடம் சொன்னேன். அவரும் நல்ல மனசோடு ஒத்துக்கொண்டார். தங்கச்சியிடமும் சொன்னேன். கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டது.

கடைசி வாரம் துரை வந்தார். உச்சிவேளை. நீ மூலையில் சுருண்டு கிடந்தாய். நான் கண் ஜாடை காட்டினேன். வார்டர் அடித்தார். நீ எழுந்தாய். ஒன்று கூடக் குறையவில்லை மாப்ளே. சுவர், விரல், நம்பர், அப்பன் பேர், ஆஜர் எசமான், தலைமுடி. நான் துரை முகத்தைப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். மனசார, சந்தோஷமாகச் சிரித்தார். "பலே! மணியைக் கேட்கிறான், உத்தரவு புரிகிறது, கீழ்ப்படிகிறான், இத்தனை வருஷத்து நம்பர் ஞாபகம் இருக்கிறது. என் பியூனுக்கு இவ்வளவு தெளிவு கிடையாது" என்றார். இது மத்தியானம் துரை அவர்களே, சுவரில் மை இல்லை துரை அவர்களே என்று இழுத்தேன். "ஆமாம், நம்மை ஏமாற்ற நடிக்கிறான். நடிக்கத் தெளிந்த புத்தி வேண்டும்" என்றார். நின்றபடியே எழுதினார். அரைப்பக்கம். அதையும் நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன்.

நான் மணி அடிக்கச் சொல்லாதிருந்தால்? இந்தக் கேள்வியோடுதான் எனக்குத் தினமும் பொழுது விடிகிறது. நீ மூலையில் சுருண்டே கிடந்திருப்பாய். அவருக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஒருவேளை இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம் என்றிருப்பார். இல்லை, எப்படியும் அதையேதான் எழுதியிருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் இடிக்கிறது. நீ எழுந்தால் தெளிவு, எழாவிட்டால் திமிர், பேசினால் ஞாபகம், பேசாவிட்டால் கள்ளம். மலைமேல் துரைக்கு இதெல்லாமே நோயாக இருந்தது. உனக்கு மட்டும் எதுவும் நோயாகவில்லை.

மதுரைக் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். மணி அடித்தால் எழுந்தானா? எழுந்தார். பேர் சொன்னானா? சொன்னார். சர்க்கார் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உனக்காக வைத்திருந்த வக்கீல் சின்ன வயசு, பயந்த சுபாவம். போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டார். "ஒரு மாசம் தினமும் பார்த்தவர் நீங்கள். உங்கள் அபிப்பிராயத்தில் இவர் புத்தி தெளிந்தவரா?" சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தார், இவர் கம்பவுண்டர்தானே என்று. ஜட்ஜ் கையை உயர்த்தி, "சொல்லட்டும்" என்றார்.

கேட்டாயா மாப்ளே? சொல்லட்டும் என்றார். கதவு திறந்துதான் இருந்தது. மதுரைக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் புத்தி தெளிந்தவர் இல்லை என்ற வார்த்தையைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். முன்வரிசையில் பெரிய டாக்டர் துரை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை, சும்மா பார்த்தார். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், வேலை போனால் கஞ்சிக்கு வழியில்லை, அதெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். எதையும் நினைக்கவில்லை. இருபது வருஷமாகத் துரை பார்த்தால் என் வாய் என்ன சொல்லுமோ அதைச் சொன்னது. "நான் கம்பவுண்டர். எனக்கென்று அபிப்பிராயம் கிடையாது எசமான்."

எனக்கும் ஒரு மணி அடித்துப் பழக்கியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தீர்ப்பு வந்தது. அப்பீலும் போயிற்று. மலைமேல் துரையைக் கப்பலில் ஏற்றிச் சீமைக்கு அனுப்பினார்கள். அங்கே கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பங்களா பட்லர் சொன்னார். குணமானது எனக்குச் சந்தோஷம்தான். நோய் இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. உனக்கும் குணமாகியிருக்கும், அவ்வளவுதான் சொல்கிறேன். ஒரு நாள் நீ கண்ணைத் திறந்து, "என்ன மாமா, கசப்புத் தண்ணி ஊத்தியே ஆளைக் கொன்னுட்டீகளே" என்று கேட்டிருப்பாய். அந்தச் சமையல்காரரின் பெண்சாதி பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

உன்னைத் தூக்கிலிட்ட ஜெயிலில் இருந்த ஒருவரைப் பிறகு நான் சந்தித்தேன். நானாகத்தான் தேடிப் போனேன். விடிகிற நேரம் என்றார். உன்னை எழுப்பி இழுத்துவர நாலு பேர் தயாராக நின்றார்களாம். அதற்குள் காலை மணி அடித்திருக்கிறது. நீ எழுந்து, நீயாகவே கம்பிக்கு வந்து, விரலை நீட்டி, நம்பர் சொல்லி, அப்பன் பேர் சொல்லி, ஆஜர் எசமான் என்றிருக்கிறாய். கதவைத் திறந்ததும் அவர்கள் முன்னால் நடந்து போனாயாம். "கொஞ்சங்கூட முரண்டு பிடிக்கலை. வேகமால்ல போனாரு, வீட்டுக்குப் போற மாதிரி" என்றார் அவர். அவருக்கு அது ஆச்சரியம். எனக்குத் தெரியும், காலை மணி அடித்தால் நீ எங்கே போவாய் என்று. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்க்கப் போயிருப்பாய்.

தங்கச்சி வந்து கேட்டது. "அவுக எப்படிண்ணே போனாக? பயந்தாகளா?" பயப்படலை தாயி என்றேன். மத்தியானம் மணி அடித்ததைப் பற்றி அது ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தரம், நானே பேச்சை எடுத்தபோது, "நீங்க நல்லதுக்குத்தேன் செஞ்சீக, எனக்குத் தெரியாதா" என்றது. திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். இன்றைக்கும் நோன்புப் பெருநாளுக்கு என் வீட்டு வாசலில் வெற்றிலைக் கட்டு வைத்துவிட்டுப் போகிறது.

சட்டம் போய்விட்டது. பதிவேடுகளை என்ன செய்தார்கள் என்று தெரியாது. உன் நம்பர் எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில் கலந்த மருந்து அளவெல்லாம் மறந்துகொண்டு வருகிறது, அது மட்டும் மறக்கவில்லை. ஜட்ஜ் கேட்ட கேள்விக்குச் சொல்லாத பதிலும் அப்படியே என் வாய்க்குள் கிடக்கிறது. இத்தனை வருஷம் அதோடுதான் சாப்பிட்டேன், தொழுதேன், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினேன். நேற்று முழுக்க நடுங்கும் கையோடு உட்கார்ந்து, கோழிக் கிறுக்கலில், அதை ஒரு காகிதத்தில் எழுதினேன். உனக்கும் ஒரு பிரதி இதில் எழுதுகிறேன்.

இந்த மனிதருக்குப் புத்தி சுவாதீனத்தில் இல்லை. மகள் இறந்த காலையிலிருந்து இல்லை. மணி அடித்தால் அவர் விரல் நீட்டுவதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றதெல்லாம் போன பிறகு அவருக்குள் சர்க்கார் பழக்கியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. தினமும் பார்த்தவன் சொல்கிறேன். இது என் அபிப்பிராயம்.

கீழே கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். கை வரவில்லை. மைப்புட்டியில் பெருவிரலைத் தோய்த்து ரேகை வைத்திருக்கிறேன், மாப்ளே.